வெட்டுவதற்கென்றே ஓர் அழைப்பு

தண்ணீர்ப் புட்டியை மூடியதும் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து ஓர் உலுக்கு உலுக்கிப் பார்ப்பாள். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக முதல் புட்டி கையில் கிடைத்த நாளிலிருந்து இப்படித்தான். பூட்டிய கதவை இழுப்பாள். புதுச் செருப்புப் போட்டால் ஈரத் தரையைத் தேடிப் போய் நிற்பாள். ரேடியோவின் எல்லாப் பொத்தான்களையும் ஒரே நேரத்தில் அமுக்கினால் என்ன ஆகும் என்று பார்த்தாள் ஒரு நாள். ரேடியோ அன்றோடு வாயை மூடியது. அப்பா அவளுக்குக் 'குடைச்சல்' என்று பெயர் வைத்தார். "நல்லா இருக்கிற பொருள் இவ கண்ணுல பட்டா போச்சு" என்று இன்றைக்கும் சொல்வார்.

அந்தக் குணத்தை வைத்துத்தான் இப்போது பிழைப்பு. ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் அப்ரன்டிஸ். பிரின்டருக்குப் பக்கத்தில், யாரும் விரும்பாத மூலையில் இருக்கை. மருத்துவமனையில் டாக்டரைப் பார்க்க முன்பதிவு செய்யும் ஆப் ஒன்று அவள் பொறுப்பு. வயது கேட்டால் பூஜ்யத்துக்குக் கீழே போடுவாள். பெயர் கேட்டால் வெறும் புள்ளிகளை வைப்பாள். 'உறுதி செய்' பொத்தானைக் கொசு அடிப்பதுபோல் படபடவென்று அடிப்பாள்.

அந்த ஆப்பை எழுதிய டெவலப்பர் எதிர் வரிசையில் இருக்கிறார். எந்தப் பிழையைச் சொன்னாலும் ஒரு தட்டுத் தட்டிவிட்டு "எனக்கு வரலையே" என்பார். அப்ரன்டிஸ்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயரும் 'வரலையே'தான்.

"ஏம்மா, இதையெல்லாம் எவன் இப்படிப் பண்ணப்போறான்?"

"நான் பண்ணேனே சார்."

"உன்னையெல்லாம் கணக்குல சேர்க்க முடியுமா?"

"சேர்த்துக்கங்க சார். என்னை மாதிரி இன்னும் எத்தனை பேரு இருக்காங்களோ."

பயிற்சிக் காலம் முடியப்போகிறது. சிலரை நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். மற்றவர்களைக் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். அவளுடைய வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் அவள்தான். அந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தது அவள்கூட இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் சேர்ந்தான், அவளும் சேர்ந்தாள். படித்தது சரிதானா என்ற கேள்வி உள்ளே அரித்துக்கொண்டே இருக்கிறது. வேலை நிலைத்தால் அதற்கு ஒரு பதில் கிடைக்கும் என்று நம்புகிறாள்.

எது சரியான படிப்பு என்றுதான் அக்காவும் சில வாரங்களாகக் கேட்கிறாள். அக்காவுக்குத் துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற வேலை. அஞ்சல் வழியில் பட்டம் படிக்க அவளுக்கு ஆசை வந்திருக்கிறது. "எந்தப் பாடம்டி எடுக்கட்டும்? உனக்குத்தானே தெரியும்" என்று போன் செய்கிறாள். தனக்கே தெரியாததை எப்படிச் சொல்வது? குடைச்சல் சிவப்புப் பொத்தானை அமுக்கி அழைப்பை வெட்டிவிடுவாள்.

அக்கா கூப்பிடுவது டெஸ்டிங் அறையின் போனுக்கு. அந்த அறைக்குள் போகும்போது சொந்தப் போனை வாசலில் லாக்கரில் வைத்துவிட வேண்டும். உள்ளே கண்ணாடி அலமாரியில் இருக்கும் போன்கள் எதிலும் சிம் கிடையாது, ஓடிபி வாங்குவதற்கென்று இருக்கும் ஒன்றைத் தவிர. அதன் முதுகில் நம்பர் ஒட்டியிருக்கும். வெளியாட்களுக்குக் கொடுக்கக் கூடாத நம்பர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், "அவசரம்னா எப்படிடி கூப்பிடறது?" என்று அக்கா கேட்டபோது, பெருமை தாங்காமல் அதை 'ஆபீஸ் நம்பர்' என்று கொடுத்துவிட்டாள்.

அப்படித்தான் ஒரு நாள் அந்தப் போனில் ஒரு குழந்தையின் பெயரில் முன்பதிவு செய்துகொண்டிருந்தபோது அக்கா கூப்பிட்டாள். வெட்டினாள். பதிவு முடிந்தது. உறுதிச் சீட்டில் குழந்தையின் பெயர் இல்லை. அதற்கு முன்னால் பதிந்திருந்த முதியவரின் பெயர் இருந்தது.

பிழை என்று எழுதி அனுப்பினாள். 'வரலையே' என்று திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினாள். மறுபடி திரும்பியது. வரலையே பார்த்ததெல்லாம் சிம் இல்லாத போன்களில்; எப்படி வரும்? திருப்பப்பட்ட பிழை ஒவ்வொன்றும் அப்ரன்டிஸுக்குக் கரும்புள்ளி. ஆனால் நிரூபிக்க வேண்டுமென்றால் யார் கூப்பிட்டார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். வாயைத் திறந்தால் வேலை போகலாம். திறக்காவிட்டால், காய்ச்சல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிற யாரோ ஒரு அம்மாவிடம் "உங்க பேரே இல்லையே" என்பார்கள்.

ஆப் ரிலீஸுக்கு முந்தைய திங்கட்கிழமை, டெஸ்டிங் குழுவை நடத்தும் லீட் மேடத்தின் மேசைக்கு நேராகப் போய் நின்றாள்.

"மேடம், அந்த பக் உண்மை. ஓடிபி போன்ல மட்டும் வருது. அந்த நம்பரை எங்க அக்காகிட்ட நான்தான் கொடுத்தேன்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "தெரிஞ்சேதான் கொடுத்தியா?"

"ஆமா மேடம்."

"சரி. அதை அப்புறம் பேசலாம். முதல்ல பக்கைக் காட்டு."

டெஸ்டிங் அறைக்கு வரலையேயும் வந்து நின்றார். குடைச்சல் ஓடிபி போனிலிருந்தே அக்காவைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

"அக்கா, நான் வெச்சதும் திரும்பக் கூப்பிடு. எடுக்க மாட்டேன், வெட்டுவேன். மறுபடி கூப்பிடு."

"வெட்டறதுக்குன்னே கூப்பிடணுமா? அதைத்தானேடி தினமும் பண்ணிக்கிட்டு இருக்கேன்!"

வரலையே சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார்.

"கிண்டல் பண்ணாதக்கா, வேலை விஷயம்."

"என் விஷயம் என்னாச்சு? வெள்ளிக்கிழமையோட சேர்க்கை முடியுது."

"சாயங்காலம் நானே கூப்பிடறேன்."

முதல் அழைப்பு. வெட்டினாள். எல்லாம் சரியாக இருந்தது. இரண்டாவதிலும் அப்படியே. "பாருங்க மேடம், வரலையே" என்றார் அவர். அவள் ஆப்பை மறுபடி முதலிலிருந்து திறந்தாள். அன்றைக்கு என்ன செய்தோம்? பெயரை அடித்து, வயதுக் கட்டத்தில் விரல் இருக்கும்போதே எரிச்சலில் வெட்டினோம். மூன்றாவது அழைப்பு வந்தது. வயதைப் பாதி அடித்த நிலையில் வெட்டினாள்.

சீட்டில் முதியவரின் பெயர் வந்து உட்கார்ந்தது.

வரலையே போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வருதே" என்றார்.

"ரிலீஸ் தள்ளிப் போகட்டும்" என்றார் மேடம். "நிரந்தரமாக்கச் சொல்லி உன் பேரை மேல அனுப்பறேன். நம்பரைக் கொடுத்ததையும் சேர்த்துத்தான் எழுதுவேன். சரிபண்ணினது வந்ததும் நீயே டெஸ்ட் பண்ணு. அதுவரைக்கும் உங்க அக்கா கூப்பிடட்டும். அப்புறம் நம்பரை மாத்திடுவோம்."

அன்று சாயங்காலம் குடைச்சல் கூப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. மேலிடத்திலிருந்து பதில் வரட்டும், பிறகு தெளிவாகச் சொல்லலாம் என்று இருந்துவிட்டாள்.

சரிசெய்த ஆப் வந்தது வெள்ளிக்கிழமை மத்தியானம், அக்காவின் சேர்க்கை முடிகிற அன்றைக்கு. அக்காவுக்குச் சொன்னாள், அக்காவும் எதுவும் கேட்காமல் கூப்பிட்டாள். பெயர்க் கட்டத்தில் வெட்டினாள், வயதுக் கட்டத்தில் வெட்டினாள், முதல் மணியிலேயே வெட்டினாள். ஒவ்வொரு முறையும் குழந்தையின் பெயர் அசையாமல் நின்றது. "போதும்க்கா, முடிஞ்சது" என்று சொல்லி வைத்தாள்.

சிறிது நேரத்தில் போன் மறுபடி அடித்தது. இது அவள் கேட்காத அழைப்பு. ஆப் திறந்தே இருந்தது. வயதுக் கட்டத்தில் பாதி எண். வெட்டினாள். பெயர் மாறவில்லை. உறுதி செய்யும் பக்கத்துக்குப் போய், அங்கே இன்னும் வெட்டிப் பார்க்கவில்லையே என்று, கட்டைவிரலைச் சிவப்புப் பொத்தான் வருமிடத்துக்கு மேலே நிறுத்தி, அக்கா மறுபடி கூப்பிடுவதற்காகக் காத்திருந்தாள்.