கேசட்டில் வந்த ஆண் குரல்

எங்கள் லயத்துக்கு டிஷ் வந்தபோது அதை முதலில் சந்தேகப்பட்டவர் என் அப்பாதான். எதையும் சந்தேகப்படாமல் அவர் ஒரு நாளும் சோறு தின்றதில்லை. தோட்டத் துரை சிரித்தால் ஆள் குறைக்கப் போகிறார்கள் என்பார். கடைக்காரன் எனக்குச் சும்மா ஒரு டொபி கொடுத்தால் மாவில் ஏதோ கலந்திருக்கிறான் என்பார். அந்தக் குணத்தில் பாதி எனக்கும் வந்திருக்கிறது. வேண்டுமென்றால் என் வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.

தொண்ணூறுகளின் கடைசி அது. இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம்; தொழிலாளர் இருந்த வரிசை வீடுகள்தான் லயம். மேட்டு லயத்தின் கடைசி வீட்டுக்காரர், ஹட்டனில் கடை வைத்திருந்த மகனின் தயவில், ஆள் உயரத்துக்கு ஒரு டிஷ்ஷைக் கொண்டுவந்து தன் மரக்கறிப் பாத்திக்கு நடுவே நட்டார். அது வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடந்தது. மழை பெய்தால் தண்ணீர் தேங்கும். துணி போட்டு ஒற்றி எடுத்தால்தான் படம் வரும். வடக்கில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். அடையாள அட்டை இல்லாமல் எங்கள் ஆட்கள் ஹட்டன் பஸ்ஸில் ஏறவே யோசிப்பார்கள். அப்படியிருக்க, இவ்வளவு பெரிய சாமானைக் கண்டால் பொலிஸ் சும்மா இருக்குமா? இரண்டு பேர் ஜீப்பில் வந்து இது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சிங்களத்தில் விசாரித்தார்கள். கடைசி வீட்டுக்காரர் கையை உயர்த்தி, “உடட்ட மஹத்தயா” என்றார். அவர்களும் மேலே பார்த்தார்கள். மேகம்தான் இருந்தது. ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

பொலிஸ் நம்பியதை அப்பா நம்பவில்லை. படம் வருகிற வழியில் இங்கிருந்து எதுவும் போகாது என்று என்ன நிச்சயம் என்று கேட்டார். 

பிறகு அந்த டிஷ்ஷிலிருந்து வயர் இழுத்து ஆறு வீட்டுக்குக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக்கும் வந்தது. அம்மா வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய காசில் வாங்கிய கலர் டிவி அதுவரை அரசாங்கத்தின் ரூபவாஹினியை மட்டும் காட்டிக்கொண்டு, மேலே பூப்போட்ட துணியோடு உட்கார்ந்திருந்தது. ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு வில்லங்கம் இருந்தது. ரிசீவர் பெட்டி ஒன்றுதான். அது கடைசி வீட்டில். அவர்கள் எந்தச் சேனலைப் போடுகிறார்களோ அதுதான் ஆறு வீட்டிலும் ஓடும். எங்கள் கையில் இருந்தது சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மட்டுமே. கடைசி வீட்டுக்காரர் பக்திமான். அதனால் ஆறு வீடும் சாமி படமும் செய்தியும் பார்த்தது. நாடகம் உச்சத்துக்கு வரும் நேரம் பார்த்துச் செய்திக்கு மாற்றுவார். வேண்டுமென்றே செய்கிறார் என்று அப்பா சொல்வார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது அவர் அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனார். கடிதம் எழுதும் அளவுக்கு அவருக்குப் படிப்பில்லை. போன் பேச அந்த வீட்டு மேடம் விடமாட்டாள். அதனால் எங்களுக்குள் பேச்சு கேசட்டில்தான் நடந்தது. எங்கள் பக்கம் அப்போது வெளிநாட்டுக்குப் போன பெண்கள் நிறையப் பேர் அப்படித்தான் பேசினார்கள். ஒரு பக்கத்தில் அவர் பேசி அனுப்புவார். மறுபக்கத்தில் நாங்கள் பேசித் திருப்பி அனுப்புவோம். கொண்டுவருவதும் கொண்டுபோவதும் நோர்வூட்காரி ஒருத்தி. அம்மா வேலை செய்த அதே மாடிக் கட்டடத்தில் வேறொரு தட்டில் வேலை செய்தவள். லீவில் வந்து போகக் கூடியவள்.

கேசட் வந்த அன்று அப்பா பெக்டரியிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டுதான் டேப்பைப் போடுவார். பக்கத்துக் காம்பராவில் இருந்த அத்தையும் வந்துவிடுவார். அத்தை அப்பாவுக்கு மூத்தவர், புருஷன் இல்லாதவர், அம்மா போனதிலிருந்து எங்கள் அடுப்படியை ஆண்டவர். அம்மாவின் குரல் கேட்டதும் நான் டேப்புக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்காருவேன். அவர் எப்போதும் தணிந்த குரலில், அவசரம் அவசரமாகத்தான் பேசுவார். நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், படி, அத்தை பேச்சைக் கேள். மூச்சு விடாமல் சொல்லிவிட்டு நின்றுபோவார்.

“ஏன் குசுகுசுன்னு பேசுறா?” என்பார் அப்பா.

அந்தக் கேள்வி ரொம்ப நாள் எங்கள் வீட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு கேசட் வந்தது. அதில் அம்மா என் சட்டை அளவைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு ஆணின் குரல். தமிழ்தான். சிரித்துக்கொண்டே, “சொல்லுங்க கண்ணு, மனசுல யாரு இருக்காங்க?” என்றது. அம்மா ஒன்றும் நடக்காதது போல என் தோள் அளவைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார்.

அப்பா டேப்பை நிறுத்தினார். பின்னுக்கு ஓட்டினார். திரும்பவும் கண்ணு. திரும்பவும் சிரிப்பு. அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அரபுக்காரன் வீட்டுக்குள் தமிழ் பேசும் ஆண் எங்கிருந்து வந்தான்? டிரைவராக இருக்கும் என்றார் அத்தை. கேட்காமலே சொன்னார். அங்கே டிரைவர்கள் எல்லாம் இந்தியாக்காரர்களாம். வெளிநாடு போன எத்தனையோ குடும்பம் இப்படித்தான் குட்டிச்சுவராகப் போயிருக்கிறதாம். அத்தை சொன்னதைவிட அவர் சொன்ன வேகம் எனக்குக் கோபத்தைத் தந்தது. எத்தனை நாளாக அந்த வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தாரோ.

அடுத்த ஞாயிறு அப்பா நோர்வூட்காரியின் வீட்டுக்கே போய் விசாரித்தார். அவள், குப்பை போடுகிற இடத்தில்தான் உங்கள் சம்சாரத்தைப் பார்ப்பேன், கேசட்டைக் கையில் தருவாள், வேறொன்றும் தெரியாது என்று சொன்னாளாம். உண்மை தெரியாதவர்கள் பேசுவது போலத்தான் அவள் பேசியிருக்கிறாள். அப்பாவுக்கு அது உண்மையை மறைப்பவர்கள் பேசுவது போலப் பட்டது.

அன்று பின்னேரம் என்னை அடுப்படிக்குப் போகச் சொல்லிவிட்டு அவர் கேசட்டின் மறுபக்கத்தில் பேசினார். எங்கள் வீட்டில் சுவர் என்பது பேருக்குத்தான். எல்லாம் கேட்டது.

“நீ இங்க வர வேணாம். ஒன் தம்பி வீட்டுக்கே போயிரு. புள்ளய நான் பாத்துக்குவேன்.”

அவ்வளவுதான். கேசட்டில் மீதி இடம் வெறுமையாக ஓடியது. நான் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அம்மா இனி வரமாட்டார் என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. நோர்வூட்காரி அதை வாங்கிக்கொண்டு பிளேன் ஏறினாள்.

அதற்குப் பிறகு கடைசி வீட்டில் ஒரு கல்யாணம் நடந்தது. மகனுக்கு ராகலைப் பக்கத்திலிருந்து பெண் எடுத்தார்கள். வந்த மருமகள் ஒரு வாரம் மரியாதைக்குச் சாமி படம் பார்த்தாள். பிறகு ரிசீவர் அவள் கைக்குப் போய்விட்டது. ஆறு வீட்டிலும் பாட்டும் கூத்துமாக ஆனது. பின்னேரம் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்த பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு அப்படியே வாசலில் நின்று பார்த்தார்கள்.

அப்படி ஒரு பின்னேரம் அப்பா டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். நாங்கள் அதுவரை பார்த்திராத ஏதோ நிகழ்ச்சி. ஆட்கள் போன் எடுத்து, தங்களுக்கு வேண்டியவர்களுக்காகப் பாட்டுக் கேட்கிறார்கள். கோட்டுப் போட்ட ஒருவன் போன் மணி அடித்ததும் சிரித்துக்கொண்டே சொன்னான்.

“சொல்லுங்க கண்ணு, மனசுல யாரு இருக்காங்க?”

அப்பா திரும்பினார்.  அடுத்த போன் வந்தது. அதே வார்த்தை, அதே சிரிப்பு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை. கோப்பையை வைத்த அப்பா, அந்த ஆள் போகும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஒப்பிட்டுப் பார்க்கக் கேசட் எங்களிடம் இல்லை. அந்தக் குரலும் அப்பாவின் குரலும் ஒரே நாடாவின் இரண்டு பக்கங்களில் கடல் தாண்டிப் போயிருந்தன.

அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஒரே மாதிரி பேசுகிறவர்கள் உலகத்தில் இல்லையா என்று கேட்டார். அன்றுதான் அப்பா முதல் தடவையாகத் தன் அக்காவைச் சந்தேகமாகப் பார்த்தார். பார்த்துவிட்டு எழுந்து போனார். விடிந்ததும் முதல் பஸ்ஸில் நோர்வூட் போய், அந்தப் பெண்ணின் வீட்டார் மூலம் எப்படியாவது செய்தி சொல்ல முடியுமா என்று கேட்டார். அவர்களும் அவளுடைய போனுக்குத்தான் காத்திருந்தார்கள். சொல்லிப் பார்க்கிறோம் என்றார்கள். பிறகு எங்களுக்குக் கேசட்டும் வரவில்லை, பதிலும் வரவில்லை.

அந்த மாதங்களில் அப்பா அந்த நிகழ்ச்சியை ஒரு நாளும் தவறவிடவில்லை. கடைசி வீட்டு மருமகள் சேனலை மாற்றினால் மேட்டு லயத்துக்கு நடந்து போய், அதையே போடும்மா என்று கேட்பார். லயத்தில் சிரித்தார்கள். இந்த வயதில் பாட்டுப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள். அவர் பாட்டைக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். இன்னும் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நம்பியபிறகும் சரிபார்க்கிற ஆள் அவர்.

ஒரு நாள் ராகலையிலிருந்து மாமாவின் ஆள் வந்து, அம்மா வந்து இறங்கிவிட்டதாகச் சொன்னான். அப்பா கேசட்டில் சொன்னபடியே தன் தம்பி வீட்டுக்குப் போயிருந்தார். அப்பா வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். என்னையும் கூட்டிக்கொண்டு ஹட்டன், நுவரெலியா என்று பஸ் மாறி மாறிப் போனோம். வழியில் அவர் ஒரே ஒரு தடவை பேசினார். அம்மாவிடம் நான் எதுவும் கேட்கக் கூடாது என்றார்.

அம்மா வீட்டு முன்பக்க இஸ்தோப்பில் உட்கார்ந்து லீக்ஸ் தண்டுகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். பாதி ஆளாகியிருந்தார். கையெல்லாம் தரை கழுவுகிற மருந்துத் தண்ணி பட்டு வெளுத்துத் தோல் உரிந்திருந்தது. என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அப்பாவைப் பார்க்கவில்லை. அப்பா நின்றபடியே, அது டிவியில் வருகிற ஆளின் குரல் என்று இப்போது தெரியும் என்றார். மன்னிப்பு என்ற சொல் எங்கள் வீட்டில் யாருக்கும் வாயில் வராது. அவருக்கும் வரவில்லை.

அம்மா லீக்ஸைப் பார்த்துக்கொண்டே, என்னிடம் சொல்வது போலச் சொன்னார்.

“நான் சமைக்கிற குசினி ஜன்னலுக்கு எதுத்தாப்புல ஒரு தமிழ் வீடு. அந்தாளு வர்ற நேரம் அவங்க டிவிய பெருசா வைப்பாங்க. மேடம் தூங்குற நேரம். நான் பேசுறது கேட்டுச்சுன்னா, அவங்க வீட்டு விசயத்த வெளிய சொல்றேன்னு அடிக்க வருவா. அந்தச் சத்தத்துக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டுத்தான் ஒங்களோட பேசுனேன்.”

அடுத்த தண்டை எடுத்து வேரை நறுக்கிக்கொண்டே, “வராதன்னு சொன்னதையும் அந்தச் சத்தத்துலதான் கேட்டேன்” என்றார்.

அப்பா படியில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்காக என்று சொல்லித்தான் அம்மா எங்களோடு வந்தார். அப்பாவோடு பேசவில்லை. சோறு போடுவார், தண்ணி வைப்பார், ஒரு சொல் வராது. அத்தை வாசல்பக்கம் வந்து நின்று பார்த்துவிட்டு, இது எத்தனை நாளைக்கு என்று என்னிடம் கேட்டார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அம்மா என்னை ராகலைக்குக் கூட்டிப் போகவே வந்திருக்கிறாரோ என்று அவருடைய பையை ஒவ்வொரு நாளும் பார்ப்பேன். அதன் வாயை அவர் இன்னும் அவிழ்க்கவில்லை.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, பின்னேரம் அந்த நிகழ்ச்சி தொடங்கியது. அம்மா அடுப்படியில் இருந்தார். போன் மணி அடித்தது. “சொல்லுங்க கண்ணு” என்றான் அவன். அப்பா எழுந்து டிவியை அணைக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். கூரைத் தகரம் அதிரும்வரை கூட்டிவிட்டு, அடுப்படிக்குப் போய் அம்மாவுக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்தார்.

பக்கத்துக் காம்பராவிலிருந்து அத்தை சுவரைத் தட்டினார். நாங்கள் கண்டுகொள்ளவில்லை. நான் கதவோரம் நின்று எட்டிப் பார்த்தேன். அம்மா விறகைத் தள்ளிக்கொண்டு, தணிந்த குரலில், அவசரம் அவசரமாக, அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் எனக்குக் கேட்கவில்லை.