பிந்தி வரும் ஆமென்

எங்கள் சபையில் பரமண்டல ஜெபத்தை எழுந்து நின்று சொல்வோம். எல்லாரும் ஆமென் சொல்லி உட்கார்ந்த பிறகு ஓர் ஆமென் மட்டும் தனியாகக் கேட்கும். அது என்னுடையது.

திருவனந்தபுரத்தில் கிறிஸ்தவர்களே சிறுபான்மை. தமிழ்க் கிறிஸ்தவர்களான நாங்கள் அந்தச் சிறுபான்மையிலும் கடைசிப் பெஞ்சு. அப்பா போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து மலையிறங்கி வந்த காலத்தில், இங்கே காலையில் முதலில் நடந்தது தமிழ் ஆராதனைதான். தையல்காரர், நர்ஸ், ஓட்டல்காரர் என்று கோயில் நிறைந்திருக்கும். பிறகு அது மாதத்துக்கு ஒருமுறை ஆனது. பிறகு ஆளில்லை என்று நிறுத்திவிட்டார்கள். யாரைக் குறை சொல்ல? கல்லூரிக்குப் போகும் என் மகளுக்கே தமிழ் படிக்கத் தெரியாது.

நான் மலையாளத்தில் பாடுவேன், பிரசங்கம் கேட்பேன், சண்டையும் போடுவேன். அந்த ஒரு ஜெபம் மட்டும் தமிழில் தவிர வரமாட்டேன் என்கிறது. தோட்டத்தில் எங்கள் ஆட்கள் வரிக்கு ஒரு மூச்சு விட்டு, நிதானமாகத்தான் அதைச் சொல்வார்கள். அவசரமாகச் சொன்னால் எனக்கு ஜெபித்த மாதிரியே இருக்காது. அதனால் எப்போதும் கடைசியில்தான் முடிப்பேன். தாழ்ந்த குரலில் சொல்லச் சொல்லி, "அம்மா, பதுக்கெ" என்று மகள் சேலையை இழுப்பாள். நான் சத்தத்தைக் குறைத்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆண்கள் பக்கத்திலிருந்து இன்னோர் ஆமென் என்னுடையதோடு சேர்ந்து வந்தது. ஆராதனை முடிந்ததும் வாசலில் ஆளைத் தேடிப் பிடித்தேன்.

"எந்த ஊர் தம்பி?"

"நாங்குநேரிப் பக்கம்க்கா. இங்க கட்டட வேலை பாக்கேன்."

அதன்பின் வாராவாரம் நாங்கள் இருவரும் சேர்ந்து பிந்தினோம். அவர் மூச்சு விடும் இடத்தில் நானும் விட்டேன். கோயில் பழையபடி நிறைந்துவிட்டதாக எனக்குத் தோன்றும். திங்கட்கிழமையே அடுத்த ஞாயிற்றுக்கு ஏங்க ஆரம்பித்துவிடுவேன்.

கோடையில் ஊருக்குப் போனவர், பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் மனைவியையும் பையனையும் கூட்டிக்கொண்டு திரும்பினார். அவர்கள் கோயிலுக்கு வந்த அன்று நான் வேண்டுமென்றே உரக்கச் சொன்னேன். முடிக்கும்போது என் குரல் மட்டும்தான் இருந்தது.

வாசலில் அவரே சிரித்துக்கொண்டு வந்தார். "கவனிச்சீங்களாக்கா? மலையாளத்துல மனப்பாடம் பண்ணிட்டேன். பையன இங்கதான் பள்ளிக்கூடத்துல போட்டிருக்கேன். நாம மட்டும் பிந்தி நின்னா அவனக் கேலி பண்ணுவாங்கல்லா?"

"நல்லதுதான் தம்பி" என்றேன். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பஸ்ஸில் மகளுக்கு முகம் காட்டாமல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

அடுத்த ஞாயிறு எனக்கு வீம்பு பிடிக்கவும் தெம்பில்லை. ஜெபத்தை வாய்க்குள்ளேயே முணுமுணுத்தேன். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். பெஞ்சுகள் கிறீச்சிட்டன. நானும் பாதியில் விட்டுவிட்டு உட்காரப் போனேன்.

மகள் என் சேலையைப் பிடித்தாள். அவள் உட்காரவில்லை.

"அம்மா, இன்னும் முடியல்லல்லோ. சத்தமா சொல்லு. நான் உன்கூட நிக்காம்."