ஜவ்வாது மலையில் காது கேட்காத வயர்லெஸ்

கடந்த பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஜவ்வாது மலைக்குப் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல, வேலையாக. மலையில் ஒரு சிறிய மருத்துவ மையம் இருக்கிறது. செல்போன் சிக்னல் கிடைக்காத ஊர்களுக்குப் போகும் அவர்களுடைய ஜீப்பில் ஒரு வயர்லெஸ் செட், மையத்தில் ஒன்று. முந்தைய வாரம் பிரசவ வலியில் இருந்த பெண்ணோடு ஜீப், இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் பழுதாகி நின்றுவிட்டது. டிரைவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். மையத்தில் எதுவும் கேட்கவில்லை.

அந்த மையத்துச் செட்டை ஒரு மாதம் முன்பு வேலூரில் என் கடையில் சரிசெய்து அனுப்பியவன் நான்தான். மையத்திலிருந்து போன் வந்தபோது, அந்தப் பெண் என்ன ஆனார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

போளூரில் காலை 6:40 பேருந்து. டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். மடியில் பதினான்கு கிலோ சர்வீஸ் மானிட்டர். அளந்த சிறு சிக்னலை ரேடியோவுக்குக் கொடுத்து, அது எவ்வளவு மெல்லியதைக் கேட்கிறது, அலைவரிசை சரியாக நிற்கிறதா என்று காட்டும் பெட்டி.

"இன்னாங்க அது, டிவியா?" என்றார் கண்டக்டர்.

"ரேடியோ டெஸ்ட் பண்ற மெஷின்."

"கெட்டியா புடிச்சிக்குங்க. வளைவு நெறைய."

மலை ஏற ஏற என்னால் ஒரு நிலையில் உட்கார முடியவில்லை. சாமைக் காடுகள் வந்தன, போயின. எதையும் நான் பார்க்கவில்லை.

9:05க்கு ஜமுனாமரத்தூர். அன்று ஜீப் ஓட்டிய அதே கோவிந்தன் காத்திருந்தார். மையத்துக்கு இன்னும் பதினோரு கிலோமீட்டர், மண் சாலை. வழி முழுக்க அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

மையத்தில் நர்ஸ் சாந்தி மேசையை ஒதுக்கிக் கொடுத்தார். மானிட்டரை ஆன் செய்தால் அரை மணி நேரம் சூடாக வேண்டும். அதற்குள் அளந்தால் அலைவரிசை தப்பாகக் காட்டும். வாசலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் இந்தச் செட்டைச் சரிசெய்த நாள் நினைவுக்கு வந்தது. கடையில் கரண்ட் போய் நான்கு மணிக்கு வந்தது. நாலரை பஸ்ஸில் செட் போயாக வேண்டும். மானிட்டரை ஆன் செய்த கையோடு, செட்டின் அலைவரிசையை நகர்த்தும் சிறு திருகியைத் திருப்பிவிட்டேன்.

அளந்து பார்த்ததும் உறுதியானது. செட் தன் அலைவரிசையிலிருந்து இரண்டரை கிலோஹெர்ட்ஸ் தள்ளி நின்றது. பக்கத்தில் இருந்து பேசினால் கேட்கும். பள்ளத்திலிருந்து வரும் மெல்லிய சிக்னல் இரைச்சலில் கரைந்துவிடும். நாற்பது நிமிடத்தில் சரிசெய்தேன். பிறகு சாந்தியிடமும் கோவிந்தனிடமும் சொன்னேன்.

"தப்பு செட்டுல இல்ல. அவசரத்துல நான் பண்ணது."

கோவிந்தன் கேட்டார்.

"அந்தப் பொண்ணு இன்னா ஆச்சின்னு நீங்க கேக்கவே இல்லியே சார்."

"பயமா இருந்துச்சு."

"ரோட்டோரமே கொழந்த பொறந்துடுச்சு. மாமியார் கூட இருந்தாங்க. நான் அஞ்சு கிலோமீட்டர் நடந்து வந்து சிஸ்டர கூட்டிட்டுப் போனேன். ரத்தம் நெறைய போய்டுச்சு. ரெண்டு பேரும் உயிரோட இருக்காங்க. கீழ போளூர்ல ஆஸ்பத்திரியில."



பரிசோதிக்க, ஜீப்பை எடுத்துக்கொண்டு அவர் அதே பள்ளத்துக்குப் போனார். இருபத்திரண்டு நிமிடம் செட்டில் சத்தமே இல்லை. பிறகு, "சிஸ்டர், கேக்குதா?" சாந்தி எனக்கு முன்னால் மைக்கை எடுத்துவிட்டார். "கேக்குது கோவிந்தா. தெளிவா கேக்குது."

"அப்ப இன்னும் கீழ போறேன். அந்தப் பொண்ணு ஊரு வரைக்கும்."

அங்கிருந்தும் கேட்டது.

திரும்பும் வழியில் போளூரில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தப் பெண் தூங்கிக்கொண்டிருந்தார். மாமியாரிடம் நான் யார், என்ன செய்தேன் என்று சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"இனிமே கேக்குமா?"

"கேக்கும்மா. உங்க ஊர்ல இருந்தே பேசிப் பாத்தோம்."

"செரி, போங்க," என்றார்.

இதே வேலையாக மலை ஏறுபவர்களுக்கு: மையத்து சோலார் கரண்டை நம்பாதீர்கள், பேட்டரி எடுத்துப் போங்கள். பேருந்தில் முன் இருக்கையைப் பிடியுங்கள், குலுக்கல் குறைவு. செட்டை மேசையில் அளந்ததோடு விடாமல், தூரத்து ஊரிலிருந்து ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். மானிட்டரை ஆன் செய்த நேரத்தை இப்போது ஒவ்வொரு வேலைச் சீட்டிலும் எழுதுகிறேன். அரை மணி ஆகாமல் திருகியைத் தொடுவதில்லை. பஸ் போனால் போகட்டும்.