மிக்கியோன் கொண்டுபோன பந்தம்

பானைக்காரர் தெருவில் மிக்கியோன் வனைந்த பானை ஒழுகியதாக யாரும் சொன்னதில்லை. ஆனாலும் ஏதென்ஸில் அவன் பெயரைச் சொன்னால் அணைந்த பந்தம்தான் எல்லோர் நினைவுக்கும் வரும்.

இருபது வயதில் தன் குலத்துக்காகப் பந்த ஓட்டம் ஓடினான். ஓடிவருபவனிடம் நெருப்பை வாங்கக் காத்திருப்பவனுக்குத் தியாதோகோஸ் என்று பெயர். கப்பலை அடுத்து ஏற்க வரும் தலைவனும், மதில் காவலில் முறை மாற்ற வருபவனும்கூடத் தியாதோகோஸ்தான். அன்று கை நீட்டி நின்ற தியாதோகோஸ், அவனுடைய உயிர்த்தோழன் தெல்லிஸ். மிக்கியோன் காற்றை முந்திப் பறந்தான், பந்தம் அணைந்துபோனது, குலம் தோற்றது. திகைத்து நின்றவனை நகர்வாசல் கூட்டம், பந்தத்தோடு பின்தங்குபவனை அறையும் வழக்கப்படி, பின்புறத்தில் சாத்தியது. அந்தச் சத்தத்தில் துறைமுகத்து மீன்களெல்லாம் ஒரு வாரம் கரைப்பக்கமே வரவில்லை. தெல்லிஸ் இருபத்தாறு வருடம் அவனோடு பேசவில்லை.

மிக்கியோனின் மனைவி லிசில்லா அசரவில்லை. மகள் மிர்ட்டாலேயைத் தெல்லிஸின் மகனுக்கே பேசி முடித்தாள். அந்தக் குளிர்காலமே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள்.

பிறந்த வீட்டு அடுப்பில் ஏற்றிய பந்தத்தை மாப்பிள்ளை வீடுவரை அணையாமல் கொண்டுபோவது தாயின் வேலை.

"நான் தூக்கறேண்ணா. உன் கையில நெருப்பு நிக்காதுன்னு ஊருக்கே தெரியும்," என்றாள் தங்கை.

"லிசில்லா ஊதின அடுப்பும்மா. நானே கொண்டுபோறேன்."

பொழுது சாயும் வேளையில் கிளம்பினார்கள். மணமக்கள் கழுதை வண்டியில், மிக்கியோன் முன்னால், இடது கையால் சுடரை மறைத்தபடி, அடிமேல் அடி வைத்து. நகர்வாசலில் அதே கூட்டம்.

"கல்யாணமா, சவ ஊர்வலமாடா? நடடா," என்றார் ஒரு கிழவர். பின்புறத்தில் பளாரென்று விழுந்தது. பிறகு ஆளுக்கொன்று. அவன் திரும்பவே இல்லை.

"அப்பா, கழுதை தூங்கிடுச்சு," என்றாள் மகள் வண்டியிலிருந்து.

"தூங்கட்டும் கண்ணு. காத்தடிக்குதுல்ல."

மாப்பிள்ளை வீட்டு வாசலில், பந்தத்தை வாங்க மாமியார் நிற்க வேண்டிய இடத்தில் தெல்லிஸ் நின்றிருந்தான். தொந்தியும் தானுமாய், ஒரு காலை முன்வைத்து, தலையைத் திருப்பி, கையைப் பின்னால் நீட்டிக்கொண்டு.

"சீக்கிரம் குடுடா. இருபத்தாறு வருஷமா நீட்டிட்டே நிக்கிற கை. வலிக்குது."

பந்தம் கை மாறியது. சுடர் ஒருமுறை குனிந்து நிமிர்ந்தது. தெல்லிஸ் பழைய நினைப்பில் தெருவோடு ஓடத் தொடங்க, மனைவி மேலாடையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க ஓடுறீங்க? அடுப்பு உள்ள இருக்கு."

சுட்டுச் சிவந்த இடது கையை ஊதிக்கொண்டே மிக்கியோன் வாசற்படியில் உட்கார்ந்தான். உட்கார முடியாமல் உடனே எழுந்தான்.