பனியில் விளைந்த மரச்சீனி

பிறந்தநாள் வீடுகளில் என்னைக் கண்டாலே பிள்ளைகளின் முகம் சற்று வாடும். ரிமோட் கார், பொம்மை வீடு என்று மற்றவர்கள் பெரிய பெரிய பெட்டிகளோடு வரும்போது நான் மட்டும் தட்டையாக ஒன்றை நீட்டுவேன். பிரிக்காமலே தெரிந்துவிடும், புத்தகம் என்று. அதுவும் யாரோ எந்தக் காலத்திலோ எழுதி, பல தலைமுறைப் பிள்ளைகள் படித்த பழைய கதையாக இருக்கும். "உனக்கு வேற ஒண்ணும் வாங்கத் தெரியாதா?" என்று என் வீட்டுக்காரர் கேட்காத வருஷம் இல்லை. தெரியாதுதான். இந்தப் பழக்கத்தை எனக்குத் தொற்றவைத்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. அவரும் இதில் பெரிய கெட்டிக்காரர் ஒன்றும் இல்லை. அவர் எனக்கு வாங்கித் தந்த முதல் கதைப் புத்தகத்தில் என்னால் ஓர் எழுத்துகூட வாசிக்க முடியவில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது ஆகப்போகிறது. அஞ்சுகிராமத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு வயல். ஒருநாள் உழவின்போது டிராக்டர் வரப்பிலிருந்து சரிந்து அப்பாவை அடியில் போட்டுவிட்டது. நெய்யூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அம்மா அங்கேயே தங்கிவிட்டாள். அப்பாவுக்குக் காலில் அடி, கட்டுப் போட்டிருக்கிறது, அவ்வளவுதான் என்று என்னிடம் சொன்னார்கள். முழுப்பரீட்சை லீவு வேறு. என்னைச் சிதறாலில் இருந்த மாமா வீட்டுக்கு அனுப்பினார்கள். காலில் அடிதானே என்று நானும் சந்தோஷமாகவே போனேன். அங்கே பலாப்பழம் உண்டு, மாமியின் மீன்கறி உண்டு, தொட்டிலில் கிள்ளி விளையாட ஒரு கைக்குழந்தையும் உண்டு.

மாமா பஸ் கண்டக்டர். மார்த்தாண்டத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவில் ஓடும் வண்டி. பாதி வழி வரை தமிழில் டிக்கெட் கேட்பார், மீதி வழி மலையாளத்தில் கேட்பார், எங்கே மாறினார் என்று அவருக்கே தெரியாது. பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று அவர் கேட்டபோது, தடியான கதைப் புத்தகம் வேண்டும், படம் கொஞ்சமாக இருந்தால் போதும், நான் ஒன்றும் சின்னப்பிள்ளை இல்லை என்று சொல்லிவைத்தேன்.

பிறந்தநாளன்று செய்தித்தாளில் பொதிந்து கொண்டுவந்தார். அட்டையில் ஒரு பனிமலை, ஒரு கோவேறு கழுதை, என் வயதில் ஒரு பெண். ஆசையோடு திறந்தேன். உள்ளே முழுக்க ஜாங்கிரி ஜாங்கிரியாக மலையாளம். நான் ஓவென்று அழத் தொடங்கினேன்.

"கண்டக்டருக்குக் கண்ணு எங்க போச்சு? நாஞ்சில்நாட்டுப் பிள்ளைக்கு மலையாளம் எங்கேருந்து தெரியும்?" என்றாள் மாமி.

மாமா புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். உண்மையாகவே அப்போதுதான் கவனித்தார். "எழுத்த யாரு பாத்தா? கடையில நின்னு பத்துப் பக்கம் வாசிச்சேன். நல்ல கதையாக்கும், கேட்டியா. அழாத மக்களே. நான் தமிழ்ல சொல்லித் தாரேன்" என்றார். எங்கள் பக்கம் ஒற்றைப் பிள்ளையையும் 'மக்களே' என்றுதான் கொஞ்சுவார்கள்.

அன்று முதல் தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் கதை. மாமா வாசலில் உட்கார்ந்து, மனசுக்குள் ஒரு வரி மலையாளத்தில் வாசித்துவிட்டு எனக்குத் தமிழில் சொல்வார். மலைநாட்டில் தபால் சுமக்கும் ஒரு மனிதர், அவருடைய ஒரே மகள், ஒரு கழுதை. மகளுக்கு அம்மா இல்லை. மூன்றாம் நாள் அந்த அப்பா தபால் பையோடு கணவாயைத் தாண்டிப் போகிறார், பனி கொட்டத் தொடங்குகிறது. நான் மூச்சு விடாமல் கேட்டேன். மாமா நாற்பதாம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்து மூடினார்.

மறுநாள் அவர் வருவதற்கு ரொம்ப நேரமாகிவிட்டது. முகம் கழுவிவிட்டு வந்து புத்தகத்தைத் திறந்தார். அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த அப்பா இருக்காரில்லியா, அவரு ஒரு குகைக்குள்ள போய் ஒதுங்கிட்டாரு" என்றார்.

அதோடு கதை அந்தக் குகைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது. குகைக்குப் பக்கத்தில் ஒரு சுனை இருந்ததாம். பாறையில் சாமி உருவங்கள் செதுக்கியிருந்தார்களாம். இது நம் சிதறால் மலை மாதிரி இருக்கிறதே என்று கேட்டேன். மலை என்றால் எல்லாம் ஒன்றுபோலத்தான் என்று சொல்லிவிட்டார். ஒருநாள் ஓநாய் வந்தது. ஒருநாள் ஒரு கிழவர் வந்து அந்த அப்பாவுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். இன்னொரு நாள் அவர்கள் எங்கள் ஊர்த் தோட்டங்களில் விளையும் மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு, அவித்துத் தின்றார்கள். அங்கே எனக்குப் பொறுக்கவில்லை.

"பனியில மரச்சீனி விளையுமா மாமா?"

"விளையும். கொஞ்சம் சிறுசா விளையும்."

பஸ் டிக்கெட் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை என்பதையும் நான் கண்டுபிடித்துவிட்டேன். எத்தனை நாளாக ஒரே பக்கம் என்று கேட்டதற்கு, மலையாளத்தில் ஒரு பக்கத்துக்குள் நிறைய எழுதலாம் என்றார். நானும் நம்பினேன். அந்தச் சுருட்டை எழுத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றியது.

ஆனாலும் எனக்குப் பொறுமை தீர்ந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் வாசலில் நின்று தினமும் வழி பார்க்கிறாள், அப்பா குகையில் உட்கார்ந்து கிழங்கு தின்கிறார், இது என்ன நியாயம்? எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, கழுதையின் காலில் முள் குத்திய கதையை மாமா நீட்டிக்கொண்டிருந்தபோது நான் கத்திவிட்டேன்.

"அந்த அப்பா செத்துப்போயிட்டாரா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க!"

மாமா புத்தகத்தை மூடினார். எழுந்து கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவினார். கழுவிய முகத்தையே திரும்பத் திரும்பக் கழுவினார். அதுவரை என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசாத மாமி, "ஏட்டி, வாய வச்சிட்டுச் சும்மா இருக்க மாட்டியா?" என்று சீறினாள். கதை கேட்டது ஒரு குற்றமா என்று எனக்கு ஒரே கோபம். அன்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன்.

நாலைந்து நாள் கழித்து மாமா வெயில் தாழ்வதற்குள்ளேயே வந்துவிட்டார். காக்கிச் சட்டையைக் கழற்றவில்லை, காலைக் கழுவவில்லை. "வா மக்களே, வா" என்று என்னைப் பிடித்து உட்கார வைத்தார். பனி நின்றுவிட்டது. அந்த அப்பா குகையிலிருந்து வெளியே வந்தார். கழுதையின் மணிச் சத்தம் கேட்டு மகள் ஓடிவந்தாள். அப்பா அவளைத் தூக்கிக்கொண்டார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு மாமா சிரித்தார். கண்ணில் தண்ணீர் வடிந்தது. மாமி அன்று பாயசம் வைத்தாள். கதை முடிந்ததற்குத்தான் பாயசம் என்று நினைத்து இரண்டு தம்ளர் குடித்தேன்.

அடுத்த வாரம் என்னை நெய்யூருக்குக் கூட்டிப்போனார்கள். அப்பா பாதியாக மெலிந்திருந்தார். தலையில் பெரிய கட்டு. காலில் அடி என்றுதானே சொன்னார்கள், தலையில் எதற்குக் கட்டு என்று நான் யாரையும் கேட்கவில்லை. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார், எனக்கு அது போதுமாக இருந்தது. இன்றும் அவர் இருக்கிறார். வாய்க்கால் தண்ணீருக்காக அடுத்த வயல்காரரோடு சண்டை போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறார்.

போன மாதம் மாமாவின் பேத்திக்கு ஒன்பதாவது பிறந்தநாள். அன்றைய கைக்குழந்தையின் மகள் அவள். நாகர்கோவிலில் ஒரு கடையில் அவளுக்குப் புத்தகம் தேடிக்கொண்டிருந்தேன். அதே பனிமலை, அதே கழுதை, தமிழில். நின்றபடியே வாசித்தேன். நான்காம் அத்தியாயத்தில் கணவாயில் அந்த அப்பாவின் உடலைக் கண்டெடுக்கிறார்கள். குகையே கிடையாது. மீதிக் கதை முழுவதும், அப்பா இல்லாமல் அந்தப் பெண் எப்படி வளர்ந்து ஆளாகிறாள் என்பதுதான். அருமையான கதை. வாங்கிக்கொண்டேன். பேத்தியின் அப்பா துபாயில் சுகமாக இருக்கிறான், அவள் அழவேண்டிய இடத்தில் தாராளமாக அழலாம்.

கடை வாசலிலிருந்தே மாமாவுக்குப் போன் செய்தேன். "மாமா, அந்தக் கதையில அப்பா திரும்பி வரவே இல்லையே" என்றேன்.

"அப்போ நீ வாசிச்சிட்ட" என்றார்.

"எனக்காகவா மாத்திச் சொன்னீங்க?"

"முதல்ல உனக்காகத்தான். பெறகு எனக்கே அதச் சொல்ல நாக்கு வரல்ல மக்களே. அத்தான் கண்ணு தொறக்காம கெடக்காரு. டூட்டி முடிஞ்சு தினமும் நெய்யூருக்குப் போவேன். இன்னும் ரெண்டு நாள் பாக்கட்டும், இன்னும் ரெண்டு நாள் பாக்கட்டும்னு டாக்டரு சொல்லுவாரு. நானும் கதைய ரெண்டு ரெண்டு நாளாத் தள்ளிக்கிட்டே வந்தேன்."

எனக்கு நன்றி என்று சொல்லத் தோன்றியது. சொன்னேன், அழுதுகொண்டே சொன்னேன். இத்தனை வருஷம் கழித்துச் சொல்ல அவரும் இருக்கிறார், நானும் இருக்கிறேன், அப்பாவும் இருக்கிறார்.

அந்த அப்பா செத்துப்போயிட்டாரா இல்லையா என்று நான் கத்திய அன்று, மாமா நேராக ஆஸ்பத்திரியிலிருந்துதான் வந்திருந்தார். அங்கே டாக்டரிடம் அவரும் கிட்டத்தட்ட அதைத்தான் கேட்டுவிட்டு, பதில் கிடைக்காமல் பஸ் ஏறி வந்து என் முன்னால் புத்தகத்தைத் திறந்திருக்கிறார் என்பது ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை.