லீவு நாள் மாத்திரை

என் மாமா டவுன் பஸ் டிரைவர். டிப்போவில் அவருக்குப் பட்டப்பெயர் ‘தொட்டில்’. அவர் ஓட்டும் பஸ்ஸில் ஏறினால் மூன்றாவது ஸ்டாப்புக்குள் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். எவ்வளவு நெரிசலிலும் யாரையும் திட்டாத மனிதர். இவருக்கு ரத்த அழுத்தம் என்று மூன்று வருடம் முன்பு கண்டுபிடித்தபோது டிப்போவே சிரித்தது.

இந்த வருட மருத்துவப் பரிசோதனையில் யாரும் சிரிக்கவில்லை. நூற்று எண்பத்திரண்டு. டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: இப்படியே போனால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைக்கலாம், வெடிக்கலாம். ஓட்டும்போது பக்கவாதம் வந்தால் அவர் மட்டுமல்ல, பின்னால் உட்கார்ந்திருப்பவர்களும் போவார்கள். மூன்று வாரம் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. அதற்குள் இறங்காவிட்டால் ஓட்டும் வேலையே இல்லை.

மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று நர்ஸ் கேட்டார்.

“லீவு நாள்ல ஒருநாள்கூட விட்டதில்லம்மா,” என்றார் மாமா, பெருமையாக.

கூட வந்திருந்த அத்தை மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தாள். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அந்த மாத்திரை போட்டால் அடிக்கடி சிறுநீர் முட்டும். ஒரு நடைக்கு ஒன்றரை மணி நேரம். நடுவில் கழிவறை கிடையாது. அதனால் வேலை நாளில் மாத்திரைக்கு விடுப்பு.

“ஏன்ணே, பிரஷர் உங்க டூட்டி சார்ட்டப் பாத்தா ஏறுது?” என்றார் நர்ஸ். “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா டாக்டர் வேற மாத்திரை கொடுத்திருப்பார்ல?”

டாக்டர் மாத்திரையை மாற்றினார். அத்தை உப்பு டப்பாவை மேல் தட்டில் ஏற்றினாள். மாமா காலையும் மாலையும் நடந்தார். ஆனாலும் சும்மா இருக்க முடியவில்லை. தன் பஸ்ஸிலேயே பயணியாக ஏறி முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். மாற்று டிரைவர் வளைவில் திருப்பும்போதெல்லாம் இவர் கால் தரையை மிதித்தது.

“அண்ணே, அங்க பிரேக் இல்ல,” என்றார் கண்டக்டர். “டிக்கெட் எடுங்க.”

மூன்றாவது வாரம் நூற்று இருபத்தாறு. நர்ஸுக்கு நம்பிக்கை இல்லை. இன்னொரு தடவை கட்டிப் பார்த்தார். அதேதான். டாக்டர் கையெழுத்துப் போட்டார். மறுநாள் விடியற்காலையில் நானும் அத்தையும் முதல் நடையிலேயே ஏறிக்கொண்டோம்.

மாமா ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தவர் ஊதாமல் நின்றார்.

“மாத்திரை?”

“போட்டாச்சுப்பா.”

கண்டக்டர் அத்தையைப் பார்த்தார். அத்தை தலையாட்டினாள். அதற்குப் பிறகுதான் விசில் வந்தது. அன்றிலிருந்து அத்தை இல்லாத நாட்களில் மாமா பஸ்ஸில் ஏறித்தான் மாத்திரையை விழுங்குவார்; முன் சீட்டில் யார் இருந்தாலும் அவர்தான் சாட்சி.