இரண்டு குரங்குப் பெட்டிகள்

தேங்காய் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கும்போதும் அந்தப் பெட்டி ‘டிக், டிக்’ என்று, சுவரில் பல்லி சொல்வதைப் போல, ஆனால் அதைவிட மெலிதாகவும் கூர்மையாகவும் சத்தமிடும். கூடையில் ஏந்தத் தவறிவிட்டால் நீளமாக ஒரு ‘பீ’ வரும். வங்கியிலோ ஆசுபத்திரியிலோ ஏதாவது ஓர் இயந்திரம் அப்படி நீளமாகக் கத்தினால் இன்றும் என்னால் அங்கே இருக்கமுடிவதில்லை. எழுந்து வெளியே போய் நிற்பேன். காரணம் கேட்பவர்களிடம் காற்று வாங்க வந்ததாகச் சொல்வேன்.

எண்பத்தைந்தாம் ஆண்டு எனக்குப் பதினைந்து வயது. யாழ்ப்பாணத்திலிருந்து அக்கராயனுக்கு வந்து, குளத்து நீரை நம்பி வயல் செய்த குடும்பம் எங்களுடையது. மேற்கு ஜேர்மனிக்கு அகதியாகப் போன அண்ணன் தபாலில் அனுப்பிய பொதியில், சட்டைத் துணிகளுக்கு நடுவில், சவர்க்காரக் கட்டியளவில் வெள்ளி நிறப் பெட்டி ஒன்று இருந்தது. அதன் சாம்பல் கண்ணாடிக்குள் ஒரு தென்னை, உச்சியில் ஒரு குரங்கு, கீழே கூடையோடு ஒரு தொப்பிக்காரன். குரங்கு தேங்காய் எறியும். இரண்டு பொத்தான்களை அழுத்தித் தொப்பிக்காரனை இடமும் வலமும் ஓடவைத்து நாங்கள் ஏந்தவேண்டும். அதை ‘குரங்குப் பெட்டி’ என்றோம்.

“உன்ர கொண்ணன் அங்க குளிருக்குள்ள கிடந்து அனுப்பினது. துலைச்சியோ, தோலை உரிச்சுப் போடுவன்” என்றார் அப்பா. அப்பா சும்மா சொல்பவர் அல்லர். மாட்டை அயல் வயலுக்குள் விட்டதற்காக அண்ணனை ஒருமுறை சைக்கிள் சங்கிலியால் அடித்திருந்தார். அண்ணன் நாலு நாள் குப்புறப் படுத்திருந்தான். அம்மா பஞ்சில் எண்ணெய் தொட்டு முதுகில் வைத்தபோது அவன் போட்ட சத்தம் எனக்கு நன்றாக நினைவிருந்தது.

வாய்க்காலின் கடைக்கோடியில், எழுபத்தேழு கலவரத்தில் மலையகத் தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்களின் கொட்டில்கள் இருந்தன. எங்கள் வயலிலும் அயல் வயல்களிலும் வேலை செய்தவர்கள் அவர்கள். எங்கள் வீட்டில் அவர்களைத் ‘தோட்டக்காட்டார்’ என்றார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். அங்கிருந்து வந்த ராசு என் வகுப்பில் கடைசி வாங்கில் இருப்பவன். குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்ற அவனுடைய அக்கா லெச்சுமி, லீவில் வந்தபோது அவனுக்கும் ஒரு குரங்குப் பெட்டி கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தா. அதே அளவு, அதே நிறம், அதே தென்னை. பறிபோய்விடும் என்ற பயத்தில் அவன் அதை ஒருவருக்கும் காட்டவில்லை. எனக்கு மட்டும், மதகுக்குப் பின்னால் வைத்து, காட்டினான். அவனோடு சேர்வது வீட்டுக்குத் தெரியக்கூடாது என்பதால் நானும் வாய் திறக்கவில்லை. அப்படி, ஊரில் இரண்டு பெட்டிகள் இருந்தது இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளையாடிய முதல் நாளே வித்தியாசத்தைக் கண்டுகொண்டோம். என்னுடையதில் தேங்காய் தலையில் விழுந்தால் தொப்பிக்காரன் குந்திவிடுவான், தலையைச் சுற்றி மூன்று நட்சத்திரம் சுற்றும், பிறகு எழும்பி ஓடுவான். ராசுவின் பெட்டியில் மண்டை இரண்டாகப் பிளந்து, கறுப்புத் துளிகள் தெறித்து, ஆள் நீட்டி நிமிர்ந்துவிடுவான். இன்னொருவன் கூடையோடு வருவான்.

“ஐயய்யோ, ஒங்க ஆளு சாகவே மாட்டேங்கிறாரே!”

“உன்ரை ஆளைப் பாரடா, மண்டை ரெண்டாப் போச்சு.”

“ஜேர்மன்காரனுக்குச் சாகாத ஆளு, நம்மளுக்குச் சாகுற ஆளு போல” என்று ராசு சிரித்தான். “ஒங்க ஆளு அகதியாப் போயித் தப்பிச்சிட்டாரு.”

உண்மையைச் சொன்னால், எனக்கு அவனுடைய பெட்டிதான் பிடித்தது. மண்டை பிளப்பதைப் பார்ப்பதற்காகவே வேண்டுமென்று தேங்காயைத் தவறவிடுவேன். ராசு என்னுடையதை வாங்கி, அந்த ஒரே தொப்பிக்காரனைத் திரும்பத் திரும்ப எழுப்பிக்கொண்டிருப்பான்.

ஒரே விளையாட்டை நாட்டுக்கு நாடு மாற்றிச் செய்வார்கள் என்பது இன்று சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஒரு நாட்டில் சிவப்பாக ஓடும் இரத்தம் இன்னொரு நாட்டில் பச்சையாக ஓடும், வேறொரு நாட்டில் மனிதருக்குப் பதிலாக இயந்திரங்கள் சாகும் என்று என் மகளின் மகன் கைபேசியில் காட்டினான். சந்தேகம் வந்தால் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். அன்று அக்கராயனில் அந்த அறிவு இரண்டு பொடியன்களின் தலைக்குள் மட்டும் இருந்தது.

ஒருநாள் பெட்டியைக் காற்சட்டைப் பைக்குள் வைத்திருப்பதை மறந்து மதகிலிருந்து வாய்க்காலுக்குள் குதித்தேன். தண்ணீர் திறந்துவிட்ட நேரம், பெட்டி போய்விட்டது. பொழுதுபடும்வரை சேற்றைத் தடவிவிட்டு வீட்டுக்குப் போய், பள்ளிக்கூடத்தில் ஆரோ எடுத்துவிட்டார்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். பெயர் எதுவும் சொல்லவில்லை. அப்போது அது சின்னப் பொய்யாகவே தெரிந்தது.

இரண்டாம் நாள், வயலுக்குப் போன அப்பா வாய்க்கால் வரம்பில் ராசுவைப் பெட்டியோடு கண்டார். ஒரு கூலிக்காரனின் மகனிடம் அப்படியொரு சாமான் இருக்கமுடியும் என்பது அவருடைய மனதில் வரவேயில்லை. அங்கேயே சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்மால் அவனுடைய முகத்தில் அடித்தார். உதடு கிழிந்து தொங்கியவனைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு, என்னையும் கூப்பிட்டுக்கொண்டு, ‘பெடியளிட்டை’ போனார்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் பொலிஸ் இல்லை. எல்லைத் தகராறு முதல் களவு வரை எல்லாவற்றையும் ‘பெடியள்’ என்று ஊர் அழைத்த, துவக்கு வைத்திருந்த இயக்க இளைஞர்களே தீர்த்தார்கள். தண்ணீர் இறைக்கும் இயந்திரம் திருடியதாகப் பிடிபட்ட ஒருவனை, கொஞ்ச நாளுக்கு முன்தான், சந்தியில் கம்பத்தோடு கட்டிச் சுட்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு நாங்கள் பார்க்கப் போனபோது அவனுடைய காதுக்குள் இலையான்கள் மொய்த்துப் போய்வந்துகொண்டிருந்தன. கழுத்தில் குற்றத்தை எழுதிய மட்டை தொங்கியது. ஆகவே அங்கே போனால் என்ன நடக்கக்கூடும் என்று எனக்குத் தெரியாது என நான் சொல்லமுடியாது.

றோட்டோரத்து வீடு. முற்றத்தில் பாலை மரம். அதன் கீழ் கதிரையில் இருந்த பொறுப்பாளருக்கு இருபத்திரண்டு வயது இருக்கும், மரியாதையாகப் பேசினார். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எங்க எடுத்தனி?” என்றார்.

“எடுக்கலண்ணே. அக்கா குவைத்துல இருந்து குடுத்தது” என்றான் ராசு. “வெளையாண்டு பாருங்கண்ணே. இவரு பொட்டியில ஆளு சாக மாட்டாரு, குந்திட்டு எந்திரிச்சிருவாரு. என்னோடதுல மண்டை ஒடைஞ்சு செத்துருவாரு. இவரையே கேளுங்கண்ணே, இவருக்குத் தெரியும்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். “ஒரே சாமானுக்குள்ள ஒருத்தன் ரெண்டு விதமாச் சாவானோடா?” என்றான் ஒருவன். “கள்ளனுக்குக் கதையைப் பாரன்” என்றார் அப்பா.

பொறுப்பாளர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, “தம்பி, பயப்படாமல் சொல்லும். உம்மட பெட்டியில ஆள் சாகிறவனோ?” என்று கேட்டார்.

அப்பா எனக்குப் பக்கத்தில் நின்றார். அவருடைய கையில் இன்னும் அந்தப் பம் இருந்தது.

“ஓம் அண்ணை. சாகிறவன்.”

பொறுப்பாளர் பொத்தானை அழுத்தினார். டிக், டிக், டிக். நீளமாக ஒரு பீ. குனிந்து பார்த்தார். “ஓம், சாகிறான்” என்று சொல்லிப் பெட்டியை என் கையில் வைத்தார். ராசு என்னைப் பார்த்தான். அவனுடைய முகத்தில் கோபம் இருக்கவில்லை. நான் ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறேன், இப்போது சரியாகச் சொல்லிவிடுவேன் என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான்.

ராசுவுக்கு வயது குறைவு, சுடவேண்டாம், அடித்துவிட்டு விடலாம் என்று முடிவாயிற்று. பாலை மரத்தைக் கட்டிப்பிடிக்க வைத்துக் கைகளைக் கட்டி, மணல் நிரப்பிய பிளாஸ்ரிக் குழாயால் இரண்டு பேர் மாறி மாறி அடித்தார்கள். மணல் நிரப்பிய குழாய் தோலைக் கிழிக்காது. உள்ளே இருப்பதை உடைக்கும். முழங்கையில் ஓர் அடி விழுந்தபோது, காய்ந்த மட்டை முறிவது போன்ற சத்தம் கேட்டது. காதைப் பொத்தி ஒரு அறை விழுந்ததும் இடது காதிலிருந்து இரத்தம் கழுத்தில் வழிந்தது. “சொல்லுங்க, சொல்லுங்க” என்று அவன் என்னைப் பார்த்துத்தான் கத்தினான். அடிப்பவர்கள் அது தங்களிடம் கெஞ்சுவது என்று நினைத்தார்கள். செய்தி கேட்டு ஓடிவந்த அவனுடைய தகப்பன், பொறுப்பாளரின் காலில் விழுந்து எழும்பி, கட்டியிருந்த மகனின் கன்னத்தில் தானும் இரண்டு அறை அறைந்தார். இனி இந்த ஊரில் வேலை வேண்டுமென்றால் அவர் அப்படிச் செய்தாக வேண்டும். அடித்த கையை அவர் பிறகு வேட்டியில் துடைத்துக்கொண்டே நின்றார்.

நான் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அதை வைத்து விளையாடினேன். இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்: பற்றரி தீரும்வரை விளையாடினேன், வேண்டுமென்று தேங்காயைத் தவறவிட்டு, தொப்பிக்காரன்களை ஒருவர் பின் ஒருவராகச் சாகவிட்டேன். அந்த மாதமே ராசுவின் குடும்பம் கொட்டிலைப் பிரித்துக்கொண்டு போய்விட்டது. நான் படித்தேன், ஆசிரியரானேன், மற்றவர்களின் பிள்ளைகளுக்கு உண்மை பேசுவது பற்றிக் கட்டுரை எழுதக் கொடுத்தேன்.

போன வருடம் லெச்சுமி அக்கா கிளிநொச்சிப் பக்கம் இருப்பதாக அறிந்து தேடிப் போனேன். அக்கராயன் வழியாகத்தான் போனேன். அந்த வீடு இல்லை, பாலை மரம் இல்லை, கொட்டில்கள் நின்ற இடத்தில் பற்றை. அப்பா இல்லை, அந்தப் பொறுப்பாளரும் அடித்த இருவரும் சண்டைகளில் போய்விட்டார்கள். அன்று அடித்த பக்கத்தில் நின்றவர்களில் என்னைத் தவிர எவரும் மிச்சமில்லை.

அக்கா சந்தைக்குக் கீரை கட்டிக்கொண்டிருந்தா. ராசு இராமேஸ்வரத்துப் பக்கம் அகதி முகாமில் காய்ச்சலில் இறந்து மூன்று வருடம் என்றா. முழங்கை கடைசிவரை நிமிரவில்லையாம். நான் நிலத்தில் குந்தியிருந்து எல்லாவற்றையும் சொன்னேன், நட்சத்திரங்கள் உட்பட.

அவ கட்டுவதை நிறுத்தவில்லை. “ஒங்களுக்குத் தெரியும்னு அவன் சொன்னான். நீங்க வந்து சொல்லிருவீங்கன்னு மூணு நாளு வாசல்லயே கெடந்தானாம், அம்மா சொல்லும்.” பிறகு கேட்டா: “ஏன் தம்பி சொல்லல?”

“அப்பா அடிப்பார் எண்ட பயம், அக்கா.”

கை நின்றது. “அவ்வளவுதானா?”

“ஓம்.”

“நாங்க என்னென்னமோ நெனச்சோம் தம்பி. காணி விசயமா, சாதி விசயமான்னு. சாகுற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தான், அவருக்கு நான் என்ன செஞ்சேன்னு.”

அவன் எனக்கு ஒன்றும் செய்யவில்லை.